காயம் ஆறும் கதைகள்



நாவல் படித்தால் பொழுது வீணாகும், மனம் கெடும் என்று நம் வீடுகளில் ஒரு காலத்தில் சொன்னார்கள். பங்குகளில் மறையுரையிலும் அப்படிச் சொல்லப்பட்டதுண்டு. ஆனாலும் நம் தாய்மார்கள் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். வார இதழில் வந்த தொடர்கதையை வாரந்தோறும் கிழித்து வைத்து, முடிந்ததும் ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு, தெருவில் நாலு வீட்டுக்குச் சுற்றவிட்டார்கள். வெறும் பொழுதுபோக்குக்காகவா இவ்வளவு பாடு? கணவனை இழந்தவள், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள், சிறுவயதில் தனக்கு நேர்ந்த ஒன்றை யாரிடமும் சொல்லாமல் முப்பது ஆண்டுகள் சுமந்தவள் என்று அவர்களில் எத்தனையோ பேர் இருந்தார்கள். தன்னைப் போல் இன்னொருத்தியும் உண்டு என்பதை அந்தத் தைத்த தாள்களில்தான் பலரும் கண்டுகொண்டார்கள்.

பெண்ணின் பழைய காயத்தையும் துயரத்தையும், அவள் அதிலிருந்து மீண்டு எழுவதையும் சொல்லும் நாவல்களைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம். இவற்றைக் கூர்ந்து படிக்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஒரு பெண்ணின் காயம் ஆறுவதும் ஆறாததும் அவளுக்கு நடந்ததை மட்டும் பொறுத்ததல்ல. அவள் வாய் திறந்த அந்த முதல் நாழிகையில், கேட்டவர் என்ன செய்தார் என்பதையும் பொறுத்தது.

இதை நம் தமிழில் மிகத் தெளிவாகக் காட்டியவர் ஜெயகாந்தன். 1966-இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை எழுதினார். மழையில் பேருந்துக்காக நின்ற கல்லூரி மாணவி ஒருத்தியைக் காரில் வந்த ஒருவன் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிறான். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுகிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், அடிக்கிறாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்ததும் அவளுக்கு நிதானம் வருகிறது. ஏதோ சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, மகளை உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ தூய்மையாகிவிட்டாய், உன்மேல் கறை இல்லை என்று மகளுக்குப் புரியவைக்கிறாள். கதை அவ்வளவுதான். அது வெளிவந்தபோது தமிழ்நாடே இரண்டுபட்டது. அந்தத் தாய் செய்ததை ஏற்க மனமில்லாத பலர் கண்டித்து எழுதினார்கள்.

ஜெயகாந்தன் அதோடு விட்டுவிடவில்லை. அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் கூச்சல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து ஒரு நாவலே எழுதினார். 1970-இல் நூலாக வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதுதான். 1972-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. இதில் அந்தப் பெண்ணுக்குக் கங்கா என்று பெயர். அம்மா அலறியதில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் தந்து படிக்கவைத்த மாமாவும் அவளைத் தவறான கண்ணோடு பார்க்கிறார். கங்கா படித்து நல்ல உத்தியோகத்துக்கு வருகிறாள், கைநிறையச் சம்பாதிக்கிறாள். ஆனால் அந்த மழைநாளிலிருந்து அவளால் வெளியே வர முடியவில்லை. அந்த அவலத்தின் உச்சமாக, ஒருநாள் அவள் ஒரு பத்திரிகையில் ஒரு கதை படிக்கிறாள். அவளுடைய கதையேதான், ஆனால் அதில் அம்மா தண்ணீர் ஊற்றுகிறாள். தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய தாயை அச்சில் பார்க்கிறாள்.

ஒரே பெண், ஒரே மழை, ஒரே கார். வேறுபட்டது தாய் நடந்துகொண்ட விதம் மட்டுமே.

விவிலியம் அறிந்தவர்களுக்கு இங்கே தாமார் நினைவுக்கு வரலாம். சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமார், வேறொரு தாய்க்குப் பிறந்த சகோதரன் அம்னோனால் கெடுக்கப்படுகிறாள். தலையில் சாம்பலைத் தூவிக்கொண்டு அழுதபடி போகிறாள். அவளைப் பார்த்த உடன்பிறந்த சகோதரன் அப்சலோம், அவன் உன் சகோதரன்தானே, பேசாமல் இரு என்கிற விதமாகச் சொல்லி அடக்கிவிடுகிறான். தந்தை தாவீதுக்குச் சினம் வருகிறது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அப்சலோம் இரண்டு ஆண்டு காத்திருந்து பழிவாங்குகிறான், பின்னர் நாட்டில் போரே மூளுகிறது. தாமாரின் குரல் மட்டும் அந்த வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆண்கள் பழிவாங்குவது வேறு, பெண்ணுக்குச் செவிகொடுப்பது வேறு என்பதை விவிலிய ஆசிரியர் எவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைத்திருக்கிறார்!

கங்காவின் கதையில் இன்னொன்றும் உண்டு. கெடுத்தவனையே கண்டுபிடித்துக் கல்யாணம் செய்துகொள் பார்ப்போம் என்று மாமா அவளுக்குச் சவால் விடுகிறார். இது ஏதோ 1970-ஆம் ஆண்டுப் பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2015-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் சமரசப் பேச்சுக்கு வழிசெய்யும் ஆணை பிறந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்ற ஆணையும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. நம் பகுதியில் பங்குத்தந்தையாய் இருக்கும் எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. "ரெண்டு பேருக்கும் கட்டி வெச்சுப்போடலாங்க சாமி, மானம் போயிரும்" என்று பெரியவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் காப்பாற்ற நினைப்பது குடும்பத்தின் பெயரை. அந்தப் பெண்ணின் முகத்தை அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைப்பது குற்றம். ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியம் மீறமுடியாதது. ஆனால் பங்கு இல்லத்து முற்றத்தில் நாற்காலி போட்டுப் பேசும் பேச்சுக்கு அந்த இரகசியம் பொருந்தாது.

இனி நம் மண்ணுக்கே வருவோம். நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டு மலையை அறியாதவர் யார்? அந்த மலையடிவாரத்துக் காடுகளையும் தொண்டுப்பட்டிகளையும் களமாக வைத்துப் பெருமாள்முருகன் 2010-இல் 'மாதொருபாகன்' எழுதினார். அதனால் எழுந்த சர்ச்சையை நாம் எல்லாரும் கண்டோம். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின் எழுத்தாளர் இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபின் மீண்டும் எழுத வந்தார். பிற சமயத்தாரின் வழிபாட்டையும் உணர்வையும் மதிப்பது நம் கடமை. அந்த வழக்காட்டத்துக்குள் இங்கே நாம் நுழையவில்லை. நமக்கு வருத்தம் என்னவென்றால், முதல் நூலைப் பற்றி எழுந்த கூச்சலில் அடுத்து வந்த இரண்டு நூல்களைப் பலர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பொன்னா என்ற அந்தப் பெண் அந்த இரண்டு நூல்களில்தான் தன் காயத்தோடு வாழக் கற்கிறாள்.

காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். உயிருக்குயிரான தம்பதி, ஆனால் குழந்தை இல்லை. விசேஷ வீடுகளில் பொன்னா ஒதுக்கப்படுகிறாள், வாய்க்கு வந்த பேச்சையெல்லாம் கேட்கிறாள். கடைசியில் குடும்பமே கூடி, கணவன் சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லி, நாவல் காட்டும் ஒரு திருவிழா வழக்கத்தின்படி வேறொருவரால் பிள்ளைவரம் பெற அவளை அனுப்பிவைக்கிறது. காளிக்குத் தெரியவந்ததும் அவன் உடைந்துபோகிறான். முதல் நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

2014-இல் இதற்கு இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார் ஆசிரியர். 'ஆலவாயன்' நாவலில் காளி உயிரை மாய்த்துக்கொள்கிறான். 'அர்த்தநாரி' நாவலில் அவன் உயிரோடு இருக்கிறான், ஆனால் மனைவியோடு பேச மறுத்து அவளைத் தண்டிக்கிறான். ஜெயகாந்தன் ஒரு பெண்ணுக்கு இரண்டு தாய்களைக் கொடுத்துப் பார்த்ததுபோல, இவர் ஒரு பெண்ணுக்கு இரண்டு வாழ்க்கையைக் கொடுத்துப் பார்க்கிறார். தமிழின் இரண்டு பெரிய கதைசொல்லிகளுமே இந்த முறையைக் கையாண்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் துயரத்தில் இருக்கிறவர்கள் இரவெல்லாம் நினைத்து மாய்வதும் இதைத்தானே? அன்று அப்படி நடக்காமல் இப்படி நடந்திருந்தால்?

'ஆலவாயன்' கணவனை இழந்தவர்கள் படிக்கவேண்டிய நாவல் என்று தயங்காமல் சொல்வோம். பொன்னாவுக்குக் காளிமேல் தீராத அன்பு, தீராத கோபம், இரண்டும் இருக்கின்றன. தன்னை இப்படித் தண்டித்துவிட்டுப் போய்விட்டானே என்ற கோபம். நம் இரங்கல் வீடுகளில் இந்தக் கோபத்துக்கு இடமே கிடையாது. செத்தவரைப் பற்றிக் கோபமாகப் பேசினால் வாயை மூடு என்பார்கள். வாழ்க்கைத் துணை தற்கொலை செய்துகொண்ட வீடுகளில் குற்றவுணர்வும் கோபமும் எப்படிப் பின்னிக்கிடக்கும் என்பதை இந்த நாவல் மருத்துவ நூலைவிட நன்றாகச் சொல்கிறது. அவளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் பெண்கள். பெற்ற தாய் வல்லாயியும் மாமியார் சீராயியும். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு மருமகள்மேல் பழிபோட எவ்வளவு காரணம் வேண்டுமானாலும் கிடைக்கும். சீராயியோ ஊர்வாய்க்கு முன்னால் அவளைத் தனியே விடவில்லை. ரூத்து நூலில் வரும் நகோமியையும் ரூத்தையும் நாம் மறையுரைகளில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அவர்களைத் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காட்டில் மண்வெட்டியோடு பார்க்க விரும்பினால் இந்த நாவலைப் படிக்கலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும். தற்கொலை செய்துகொண்டவருக்குப் பூசை உண்டா, கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா என்று நம் ஊர்களில் இன்னும் கேட்கிறார்கள். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பில், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்கு அடக்கச் சடங்கு மறுக்கப்பட்டது உண்மைதான். 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. மன நோயும் கடும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்றும், அவர்களின் மீட்பில் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. அந்த வீட்டு விதவை முதலில் கேட்கும் செய்தி இதுவாக இருக்கட்டும்.

விதவை என்றதும் இன்னொன்று. திருப்பலியில் முன்வரிசையில் உட்காரும் அதே தாய், மகள் கல்யாணத்தில் பின்கட்டில் நிற்கிறாள். தாலியைத் தொட்டுக் கொடுக்கக்கூடாதாம். வெள்ளைச் சீலைப் பழக்கம் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் இந்தப் பின்கட்டு இன்னும் போகவில்லை. எந்தத் திருமுழுக்கில் இதைக் கற்றோம்?

நாவல் என்ற வரையறைக்குள் முழுமையாக அடங்காவிட்டாலும், பாமாவின் 'கருக்கு' நூலை விட்டுவிட்டு நாம் இந்தப் பேச்சைப் பேச முடியாது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யும் ஆசையில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் அவர். அங்கும் சாதியைக் கண்டு, ஏழு ஆண்டுகளுக்குப் பின் வெளியே வந்தார். கையில் வேலையில்லை, மனத்தில் அமைதியில்லை. அந்த நிலையில் எழுதிய நூல் 1992-இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. பனங்கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். எபிரேயர் திருமுகத்தில் இறைவார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளுக்கு ஒப்பிடுவதை அவரே தம் முன்னுரையில் நினைவுபடுத்துகிறார். அறுபடுவது நம் திருச்சபையும்தான். அதைப் படித்துக் கோபப்பட்ட அருள்பணியாளர்கள் உண்டு. நாம் அந்தக் கட்சி இல்லை. தம் உள்காயத்தை ஆற்றிக்கொள்ளவே எழுதியதாக அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார். புண்ணைக் காட்டுகிற பிள்ளையிடம் தாய் கோபித்துக்கொள்வாளா?

அவருடைய 'சங்கதி' 1994-இல் வந்தது. அதில் மாரியம்மா என்ற பெண்ணிடம் பண்ணைக்காரன் தவறாக நடக்க முயல்கிறான். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். அவன் முந்திக்கொண்டு ஊரில் போய் அவள்மேல் பழி சொல்கிறான். பஞ்சாயத்து கூடி அவளுக்கே அபராதம் போடுகிறது. கேட்டவர்கள் யார் சொன்னதை முதலில் கேட்டார்கள் பாருங்கள். அதே நூலில் பெண்களுக்குப் பேய்பிடிப்பது பற்றியும் வருகிறது. காட்டிலும் வீட்டிலும் ஓயாத உழைப்பு, அடி, சொல்லமுடியாத துயரம், இவை எல்லாம் தேங்கித்தான் பேயாக வெளிவருகின்றன என்று எண்ணவைக்கிறார் ஆசிரியர். திருத்தலங்களுக்குத் தலைவிரிகோலமாக அழைத்துவரப்படும் பெண்களைப் பார்க்கும்போது நாமும் இதை யோசிக்கவேண்டும். செபிப்பதற்கு முன் அவள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால், பல நேரங்களில் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

எழுதினால் மனம் ஆறுமா? அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதச் சொன்னார். தங்கள் வாழ்வின் ஆழ்ந்த வேதனையை, அதன் உணர்வோடு சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. 'கருக்கு' வந்த அதே 1992-இல், மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், இத்தகைய காயங்களிலிருந்து மீள்வதை மூன்று படிகளாக விளக்கினார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து அழுவது. அதன்பின் மனிதர்களோடு மீண்டும் சேர்வது. நாம் பெரும்பாலும் முதல் இரண்டையும் தாண்டி நேரே மூன்றாவதுக்குப் போகச் சொல்கிறோம். மறந்துவிடு, மன்னித்துவிடு, கோயிலுக்கு வா என்கிறோம். மன்னிப்பு பெரிய வரம்தான். அடிக்கிறவன் அதே வீட்டில் இருக்கும்போது அதை அவள்மேல் சுமத்துவது முறையல்ல.

உலக இலக்கியத்தில் ஒன்றைச் சொல்வதானால், ஆலிஸ் வாக்கர் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி 1982-இல் எழுதிப் புலிட்சர் பரிசு பெற்ற 'தி கலர் பர்ப்பிள்' நாவலைச் சொல்லலாம். கடவுளைத் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டப்பட்ட சிறுமி சீலி, கடவுளுக்கே கடிதம் எழுதத் தொடங்குகிறாள். கேட்க ஒரு தோழி கிடைத்தபின்தான் அவள் நிமிர்கிறாள். அவள் பிழைப்புக்கு வழிசெய்வதும் தையல்தான். நம் பங்குத் தையல் பள்ளிகளை நினைத்துக்கொள்ளலாம்.

மாத நாவல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் அந்தக் குடும்ப நாவல்களை நாம் ஏளனம் செய்யவில்லை. உழைத்துக் களைத்த பெண்ணுக்கு அவை துணை. ஆனால் அவற்றில் பலவற்றில் கதாநாயகியின் எந்தக் காயமும் கடைசி அத்தியாயத்தில் கல்யாணத்தோடு ஆறிவிடுகிறது. வாழ்க்கையில் பல காயங்கள் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன என்பது படிக்கிற பெண்களுக்கே தெரியும்.

எழுதப்படாத கதைகளும் நம் பக்கம் நிறைய உண்டு. நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போனது. சாலையிலேயே உயிர்விட்ட ஓட்டுநர்களின் மனைவியர், கணவரால் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகி ஊரும் உறவும் விலக்கியபோதும் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், இவர்களைப் பற்றிய பெரிய நாவல் ஒன்று வரவேண்டும். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது நம் சேலத்தில்தான். தொட்டிலில் விட்டுவந்த தாய் பின்னர் எப்படி உறங்கினாள் என்று யாராவது அவளிடம் கேட்டிருப்பார்களா?

ஓர் எச்சரிக்கை. இந்த நாவல்கள் மாத்திரை அல்ல. துயரம் பச்சையாக இருக்கும் பெண்ணிடம் இதைப் படி, சரியாகிவிடும் என்று திணிக்கக்கூடாது. சிலருக்குப் பழைய வலியைக் கிளறிவிடும். படித்தபின் தூக்கம் கெட்டால், சாகத் தோன்றினால், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் கொடுமை நடந்தால் 181, குழந்தைகளுக்கு 1098.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: 'அக்கினிப் பிரவேசம்' ஒரே மூச்சில் படிக்கக்கூடியது. அன்பியக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்கலாம். 'கருக்கு' பேச்சுத் தமிழில் இருப்பதால், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டினால் நன்றாகப் புரியும். 'ஆலவாயன்' படிப்பதற்கு முன் 'மாதொருபாகன்' கதையைத் தெரிந்தவர் யாராவது சுருக்கமாகச் சொல்லிவிட்டால் போதும். பங்கு நூலகம் உள்ள இடங்களில் இவற்றை வாங்கி வைக்கும்படி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். எடுத்துச் செல்லும் பெண்களிடம் பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லவேண்டாம். புத்தகம் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.